பறவைக் கணக்கு

சதாகரனுக்கு இலக்கம் பிடிபடாது.
இரண்டை எழுதினால் வாத்து என்பான்.
ஐந்தை எழுதினால் அதுவும் வாத்து,
வேற வாத்து.

அதனால் காசுத் தாளில் இருக்கிற பறவைகளில் தொடங்கினேன்.
ஆந்தை என்றால் இருபது.
நீலக் குருவி ஐம்பது.
செம்மஞ்சள் சொண்டு நூறு.
ஆயிரத்திலும் ஒரு கிளி உண்டு,
அது எங்கள் வகுப்புக்கு வருவதில்லை.

கலரில் பிரதி எடுக்கக் கேட்டதற்கு
களுவாஞ்சிக்குடிச் சந்திக் கடைக்காரர்
"என்னப் பிடிச்சுக் குடுக்கவா டீச்சர்?" என்றார்.
ஆகவே பாடத்துக்கான காசு என் கைப்பையிலிருந்து.
மணி அடித்ததும்
ஏழு பேரிடமும் எண்ணித் திருப்பி வாங்குவேன்,
முகம் பார்க்காமல்.

அவனுக்குத் தாளின் பின்பக்கம்தான் விருப்பம்.
அங்கேதான் ஆட்டக்காரர், மேளக்காரர்.
முன்பக்கம் திருப்ப வைப்பதற்குள்
வைகாசி முடிந்துவிட்டது.
ஆவணியில் ஒருநாள்
செம்மஞ்சள் சொண்டைக் கொடுத்துத்
தனியே பாண் வாங்கி வந்தான்,
பேப்பர் சுற்றிய சூட்டை நெஞ்சோடு அணைத்தபடி.
படிவத்தில் 'சுயமாகச் செய்வார்' என்ற கட்டத்தில்
பேனை அழுந்தச் சரி போட்டேன்.

அடுத்த கிழமை மா விலை ஏறியது.
அதே தாளோடு பேக்கரி வாசலில்
வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றிருக்கிறான்.
ஒருத்தரும் துரத்தவில்லையாம்.
ஒருத்தரும் சொல்லவும் இல்லையாம்.
நான் ஓடிப்போனபோது
தாளைத் தூக்கிக் காட்டி,
"மிஸ், இது செத்துட்டுதா?" என்றான்.

மூன்று மாதமாய் விடையை அல்லவா
படிப்பித்திருக்கிறேன்.

மறுநாள் பறவைகளை மேசை லாச்சியில் பூட்டிவிட்டு
ஒரே ஒரு சொல்லை எடுத்தேன்: எவ்வளவு.
நடுவில் உதடு இடறும் அவனுக்கு.
'எவளவு' என்று வந்தது. போதும்.

இப்போது காண்கிற எல்லாரிடமும் கேட்கிறான்.
கல்முனை பஸ் கொண்டக்டரிடம்,
ஊசி போட வந்த மிஸ்ஸியிடம்,
திருநீறு நீட்டிய ஐயரிடம்.
தவமலரின் சக்கர நாற்காலியைத் தட்டித் தட்டிக் கேட்டு
அவளிடம் நல்லாய் வாங்கிக் கட்டினான்.

நேற்று என் முறை.
"மிஸ், உங்களிட்ட எவளவு?"

இருபத்திமூன்றாந் திகதி.
லாச்சிப் பறவைகளும் ஒவ்வொன்றாய்
என்னோடு வீட்டுக்கு வந்து முடிந்திருந்தன.
கைப்பையை விரித்துக் காட்டினேன்.
ஓர் ஆந்தை.

எடுத்தான்.
தானாகவே முன்பக்கம் திருப்பினான்.
யன்னல் வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்துவிட்டு
"பாண் வராது" என்றான்.

சரி போட்டேன்.