பல் முளைக்காத சாவிகள்

கிமாரா பேருந்து நிலையத்தின் பின்வாசலில்
சோடா கம்பெனிக் குடை ஒன்று.
அதன் கீழே நான், சௌசிகு.
டார் எஸ் சலாம் எவ்வளவு பெருத்துவிட்டதென்று
யாரும் எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.
கரியாக்கூ மொத்தக் கடையில்
மாதத்துக்கு ஒரு பெட்டி வெற்றுச் சாவி வாங்கினவள்
இப்போது வாரத்துக்கு இரண்டு வாங்குகிறேன்.

கொக்கிகளில் தொங்குகின்றன,
பல் முளைக்காத சாவிகள்.
ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு வாசல்
சிமெண்ட் காயாமல் நிற்கிறது.

போன வாரம் ம்வாகலிங்கா என்று ஒருவர்
உறை பிரிக்காத பூட்டோடு வந்தார்.
மூன்று பிரதி.
வீடு எங்கே என்றேன்.
ம்பேசியில் மனை இருக்கிறது என்றார்.
வீடு?
கல் இறக்கியாயிற்று.
கதவு?
சிரித்தார்.
மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று,
கடன் கொடுத்த மைத்துனனுக்கு ஒன்று.
இந்த ஊரில் சாவிதான் முதலில் வருகிறது;
சுவர் பின்னால் மெல்ல நடந்து வரும்.
ஐந்நூறு ஷில்லிங் குறைத்துக்கொண்டேன்.

பஜாஜி ஓட்டும் ஷபானி
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களை
அள்ளிப் போட்டுக்கொண்டு வருவான்.
பத்துக்கு ஒன்று அவன் பங்கு.
சப்பாத்தி சுடும் ஸிபோரா
நான் போய்வரும் வரை இயந்திரத்துக்குக் காவல்.
மூவரும் மூன்று திக்கு, மூன்று பாஷை.
சில்லறை தட்டினால்
ஒருவர் மடியில் ஒருவர் கைவிடுவோம்.

ஒன்றை மட்டும் மறைக்கப் பிடிக்கவில்லை.

மழைக்கு முந்தின வெள்ளிக்கிழமை
வீட்டுக்காரர் கிம்புதே பூட்டை மாற்றச் சொன்னார்.
மாற்றினேன். கை நீட்டிக் காசு வாங்கினேன்.
ஆறு மணிக்கு அந்த வீட்டில் குடியிருந்தவள்
இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.
"சாவி திரும்பமாட்டேன் என்கிறது,
தேய்ந்துவிட்டதா பார்."
பார்த்தேன். நான் வெட்டிய பற்கள்.
ஒரு மயிரிழை தேயவில்லை.

சொன்னேன்.
அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.
பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
ஷபானியின் வண்டியில் ஏறினாள்.
அன்று ராத்திரி
காசு பையில் இருந்தது, சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் அவளே வந்தாள்.
கிபாம்பாவில் ஓர் அறை, தண்ணீர் உண்டு,
வாசலிலேயே வறுத்த மரவள்ளி விற்கிறாளாம்,
சாயந்திரத்துக்குள் தீர்ந்துவிடுகிறதாம்.
இரண்டு பிரதி கேட்டாள்.
வேண்டாம் என்ற காசை
எண்ணி எண்ணி என் மேசையில் வைத்தாள்.
ஒரு நாணயம்கூடக் குறைக்க விடவில்லை.

எதிரே எழும்பும் பன்னிரண்டு மாடியில்
விரல் வைத்தால் கதவு திறக்குமாம்.
காவல்காரன் பெருமையாகச் சொன்னான்.
எண்ணெயும் பித்தளைத் தூளும் ஏறிய
என் விரலை எந்தக் கதவு அடையாளம் காணும்?
காணாவிட்டால் போகட்டும்.
பன்னிரண்டு மாடியிலும்
தகரப் பெட்டி வைத்திருக்கும் வேலைக்காரிகள் இருப்பார்கள்,
பெட்டிக்குப் பூட்டு இருக்கும்.

கடைசிக் கொக்கியில் ஒன்று
விற்பனைக்கில்லை.
எந்தத் தெரு, எத்தனை அறை,
ஒன்றும் தெரியாது.
மாட்டி வைத்திருக்கிறேன்.

ஷபானி ஹாரன் அடிக்கிறான்.
யாரோ வெளியே நிற்கிறார்கள்.