சும்மா இருத்தல்

உவர்மலை ஏற்றத்தில் மூன்று இடத்தில் நிற்பேன்.
முதலாவது, துருப்பிடித்த தபால்பெட்டி.
இரண்டாவது, சேவியர் வீட்டு மதில்.
மூன்றாவது இடத்துக்குப் பெயரில்லை.
அங்கே ஒரு மான் நிற்கும்,
மரக்கறிக் கடைத் தாளை மென்றபடி,
என்னைப் போலவே விலா தெரிய.
நான் மான் பார்க்கிறேன் என்று
போகிறவர்கள் நினைப்பார்கள்.
நினைக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் ரிஸ்மியா மிஸ் கேட்டா:
"சுருட்டு, பீடி ஏதும்?"
சிரிப்பு வந்தது. சிரிப்புக்கும் காற்று வேணுமே,
பாதியில் அது இருமலானது.
இருபத்தேழு வருஷம் இடியப்பம் அவிச்சன், மிஸ்.
விடியப்புறம் மூன்றரைக்கு ஈர விறகு.
கடைக்கு வந்தவர்கள் சொதி குடித்தார்கள்.
புகையை நான் குடித்தேன்.

கழுத்தில் மூன்று, விலாவின் கீழ் இரண்டு,
ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒட்டுத்தாள்கள்.
வயர்கள் திரைக்குப் போயின.
"இப்ப சும்மா இருங்கோ அக்கா."
சும்மா இருந்தேன்.
திரை இருக்கவில்லை.

பச்சைக் கோடு முள்முள்ளாய் எழும்பியது,
பாரைமீனின் முதுகெலும்பைப் போல.
"இது உதரவிதானம்.
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கிடக்கிற தசை.
மற்ற ஆட்களுக்கு இருக்கும்போது மெல்லத்தான் வேலை செய்யும்.
உங்களுக்கு…"
கோட்டின் உச்சியில் விரலை வைத்தா.
"படியேறுகிற ஆளுக்கு வாற அளவு."

ஆக, கதிரையில் இருந்துகொண்டே
இத்தனை நாளும் நான் ஏறியிருக்கிறேன்.

பிறகு நடை. ஆறு நிமிஷம்.
இரண்டு செம்மஞ்சள் கூம்பு, நடுவே முப்பது மீற்றர்.
போ, திரும்பு, போ.
கரைவலைக்கு ஆள் போதாவிட்டால்
வழியால் போகிறவனும் கயிறு பிடிப்பான்.
அப்படித்தான் வந்தன கழுத்தும் தோளும்,
யாரும் கூப்பிடாமலே.
நாலாம் நிமிஷம் சுவரில் கை ஊன்றினேன்.
சாட்டுக்கு ஒரு மான் இல்லை அங்கே.
"நிற்கலாம் அக்கா. நேரம் மட்டும் ஓடும்."
ஓடட்டும், அதற்கு நுரையீரலா இருக்கிறது?

இருநூற்றுப் பதினாறு மீற்றர்.
விரலைக் கவ்விய பெட்டியில் எண்பத்தாறு.
கால் இன்னும் போகும் மிஸ், காற்றுத்தான் வருகுதில்லை.
"வாறது இருக்கட்டும். பழசு வெளியால போகுதில்லை,
புதுசுக்கு இடமில்லை."
ஒருவரும் இறங்காத மூதூர் பஸ்.
மிதிபலகையில் தொங்குகிறது
என் அடுத்த மூச்சு.

"சும்மாதானே இருக்கிறாய்,
இந்தச் சேட்டுக்கு ஒரு பொத்தான் தைச்சால் என்ன?"
என்பார் வீட்டில் இராசநாயகம்.
கெட்ட மனிதரில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறவர்.

மிஸ், அந்தக் கோட்டுப் படத்தில் ஒன்று தருவீங்களோ?
"டொக்டருக்கு நாங்களே அனுப்புவம்."
டொக்டருக்கில்லை.

தபால்பெட்டி. மதில்.
மூன்றாவது இடத்தில் மான் கிட்ட வந்து
கையிலிருந்த தாளை மோந்தது.
மற்றக் கைக்கு மாற்றினேன்.
வேறு எதுவென்றாலும் தந்திருப்பேன்.