பெர்ச்சுமா

சனிக்கிழமை பத்து மணி முதல் நான்கு மணி வரை
லோஷினி என் மகள்.
மற்ற நேரத்திலும் மகள்தான்,
ஆனால் கோர்ட்டுக் காகிதத்தில்
நேரம் போட்டிருக்கிறது.

லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு இல்லை.
லாரி பட்டர்வொர்த்தில் தூங்குகிறது.
பையில் பதினோரு வெள்ளி, கொஞ்சம் சில்லறை.
பசியாறியதில் ஆறு வெள்ளி போனது.
எனக்குப் பசியில்லை என்று சொன்னதை
அவள் நம்பினாளா தெரியவில்லை,
இரண்டாவது ரொட்டியில் பாதியை
என் பக்கம் தள்ளினாள்.

படகுத்துறையில் ஏறினோம்.
கதவருகே ஒட்டியிருந்த காகிதத்தை
எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்:
பெர்-ச்சு-மா.
"அப்பா, இதுக்குள்ள சும்மா இருக்கு."

இருக்கிறது, கண்ணு.
மலாயில் இலவசம் என்று அர்த்தம்.
வீண் என்றும் ஓர் அர்த்தம் உண்டு,
அதை நான் சொல்லவில்லை.

கிட்டங்கித் தெருவில் வெயில் ஒரு பக்கம்தான்.
ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும்
என் வலது கால் தரையை மிதிக்கிறது.
பன்னிரண்டு வருடம்
சிமெண்டு மூட்டைகளை நிறுத்திய கால்.
"அப்பா, அங்க பிரேக் இல்ல."
தெரியும்டா.
தெரிந்துகொண்டுதான் மிதிக்கிறது.

கோட்டை திரும்பும்போது
இரண்டு மரங்களுக்கு நடுவே
ஒரு முழ நீளத்துக்குக் கடல்.
"இது பாக்குற கடல்.
எனக்கு மணல் இருக்கிற கடல் வேணும்."

மணல் இருக்கிற கடல் பத்து பெரிங்கியில்.
அங்கே போக வேறு பஸ், நூற்றொன்று,
அதற்குக் காசு.
போக இரண்டு பேர், வர இரண்டு பேர்,
போனால் சோளம் கேட்பாள், கேட்க வேண்டியதுதானே,
குதிரை சவாரி வேறு இருக்கிறது அங்கே.
நான் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள்
"பரவால்லப்பா, இன்னொரு ரவுண்டு" என்றாள்.

அந்த மூன்று சொற்களைக்
கையில் வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன்.

கொம்தாரில் ஏறியவர்கள்
தோல் சிவந்த ஐந்தாறு பேர்,
சுருட்டிய பாய், ஈரத் துண்டு,
அந்தக் கடலிலேயே இருந்து வந்தவர்கள்.
சூலியாத் தெருவில் இறங்கினார்கள்.
அவர்கள் கால் வைத்த இடத்தில் எல்லாம் மணல்.

லோஷினி இருக்கையை விட்டுக் குனிந்தாள்.
"அழுக்கு, தொடாதே" என்று
வாய்வரை வந்தது.
டிஷ்யூவை விரித்து
ஒரு விரலால் கூட்டி எடுத்தாள்,
நாலு சிட்டிகை இருக்கும்,
மடித்துச் சட்டைப் பையில் போட்டாள்.
என் சட்டைப் பையில்.

மூன்றாவது சுற்றில்
டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.
ஜூல்ஹில்மி என்று பெயர்ப்பட்டை.
எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை.
படகுத்துறையில் எல்லாரும் இறங்கிய பின்
எஞ்சினை அணைத்தார், குளிரை அணைக்கவில்லை,
கதவருகே நின்று தண்ணீர் குடித்தார்.
எனக்கு அந்த வேலை தெரியும்.
அது அவர் ஓய்வு நேரம், எங்களை இறக்கியிருக்கலாம்.

நான்கு மணிக்கு முன்பே அவள் அம்மா வந்திருந்தாள்,
கொம்தார் நிறுத்தத்தில், குடையோடு.
"எங்கெல்லாம் போனீங்க?"
"சும்மா" என்றாள் லோஷினி.
அவள் அம்மா என்னைப் பார்த்தாள்.
என்னிடம் வேறு பதில் இல்லை.

அவர்கள் தெருவைக் கடக்கும்வரை நின்றேன்.
அதே பஸ் திரும்ப வந்தது,
ஏறினேன், போக இடம் ஒன்றும் இல்லை.
பையைத் தொட்டால் டிஷ்யூ நறநறக்கிறது.

முதல் சிவப்பு விளக்கு.
மிதித்தேன்.
நின்றது.