யார் திரும்பி வருகிறது

முட்ஸ் நாற்பத்தெட்டுக் கிலோ.
கச்சான் ஐந்தே கால்,
அதுவும் குளிப்பாட்டிய ஈரத்தோடு.
ஒன்றின் முன்னங்கால்களுக்கு இடையில்
மற்றது முழுதாய்ப் படுத்து உறங்கலாம்,
உறங்கினால்தானே.

பெப்ரவரியில்
இரண்டு சைக்கிள், பதினொரு புத்தகப் பெட்டி,
இந்த மலை எல்லாவற்றோடும்
ரேட்டோ என் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தான்.
புர்க்டோர்ஃபில் இந்த வாடகைக்கு லிஃப்ட் கிடையாது.
கடைசிப் பன்னிரண்டு படிகளை
முட்ஸ் உட்கார்ந்து யோசித்தது.

முதல் நாளே கம்பளத்தில் ரகளை.
ஒரு பாதம் கச்சானின் முதுகில் விழ,
ஒரு கீச்சு.
நான் போட்ட கூச்சலுக்கு
கீழ்வீட்டு ஏபி அம்மா தும்புத்தடியால்
கூரையில் மூன்று தரம் இடித்தார்.
அவருடைய கூரை. எங்களுடைய தரை.

"விளையாட்டுத்தான்" என்றான் ரேட்டோ.
"ஆருக்கு?" என்றேன்.

அப்படித்தான் குசினியிலிருந்து
முட்டை அவிக்கும் மணிக்கூடு கூடத்துக்கு வந்தது.
மூன்று நிமிடம்.
மணி அடித்ததும் அவன் கழுத்துப்பட்டியைப் பிடிக்க
நான் கச்சானை வயிற்றடியில் அள்ளிக்கொள்ள
பத்து எண்ணுவோம்,
அவன் தன் மொழியில், நான் என் மொழியில்.
எப்போதும் அவனே முதலில் முடிப்பான்.

பிறகு சின்னதை மட்டும் இறக்கி விடவேண்டும்.
பெரியதை அல்ல.
மேசைக்கடியில் போய் ஒளிந்தால்
இன்றைக்கு இவ்வளவு போதும்.
திரும்ப ஓடி
அந்தத் தாடைத் தொங்கலைக் கவ்வினால்
சரி, இன்னொரு மூன்று நிமிடம்.

நாற்பது நாளில் கச்சான் ஒளிந்தது இரண்டு முறை.
அதில் ஒன்று இடிக்கு.

பல் தெரிவதில் ஒன்றுமில்லை என்று படித்துக்கொண்டேன்.
கண் கல்லாய் நின்றால்தான்
எழும்பிப் போகவேண்டும்.
உறுமல் தாராளமாய் இருக்கலாம்,
மௌனம்தான் கெட்டது.

தடுப்பூசிக்குப் போன இடத்தில்
மருத்துவர் முட்ஸின் இடது காதைப் புரட்டினார்.
ஊசிமுனைப் பொட்டுகள்,
ஆறு, ஏழு, சில பழசு.
"வீட்டில் பூனை உண்டா?"
நான் கச்சானைப் பார்த்தேன்.
கச்சான் சுவரில் இருந்த முயல் படத்தைப் பார்த்தது.
கடுகுக்குச் சொன்ன காரம்
கச்சானுக்கும் உண்டு.
இத்தனை வாரமும் நான் அள்ளி அள்ளிக் காப்பாற்றியது
ரவுடியை.

ரேட்டோ ஒரு மீற்றர் தொண்ணூற்றிரண்டு.
நான் அவன் சட்டையின் மூன்றாம் பொத்தான்.
"கவனமாய் இரு பிள்ளை" என்று
ரொறன்ரோவிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்,
பெரிய ஆள், பெரிய நாய், பெரிய மலைகள் என்று.
அவன் காதை
அவள் புரட்டிப் பார்த்ததில்லை.

ஆனி மாதம் ஒரு ராத்திரி
உறைபெட்டியில் எவருக்கு எந்தத் தட்டு என்பதில் தொடங்கி
என் முதல் கலியாணம் வரைக்கும் போய்விட்டது.
நான் நின்றுகொண்டு கதைத்தேன்.
அவன் எழும்பவில்லை.
சப்பாத்து போடுகிற குட்டி வாங்கில் போய் இருந்தான்,
முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில்.
அப்போதுதான் எங்கள் கண்கள் ஒரே மட்டத்தில்.
நான் இன்னும் இரண்டு வசனம் சொன்னேன்.
சொல்லியிருக்கக்கூடாத இரண்டு.
பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி
ஓடுகளை எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு.
வெளியே வந்தேன்.
வாங்கில் பக்கத்தில் இடம் இல்லை,
தரையில் இருந்தேன்.

ஆவணியில் எம்மெ ஆறு மெலிந்து கிடந்தது.
மணிக்கூட்டை வீட்டில் மறந்துவிட்டோம்.
கூழாங்கல் திட்டில் முட்ஸ்
ஒருவரும் சொல்லாமல் மெல்லச் சரிந்து
நாலு காலும் வானம் பார்க்கப் படுத்தது,
அதன் தொண்டைமேல் ஏறி நின்று
கச்சான் குரைத்தது
ஆற்றுக்கு, பாலத்துக்கு, ஸோலோத்தூர்ன் ரயிலுக்கு.
பிறகு அங்கேயே சுருண்டது.
பெரியதின் ஒரு கால் மட்டும்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
காற்றில் கொஞ்ச நேரம்
நின்றது.

கண்ணாடித் துண்டு ஒன்று பாதத்தில் ஏறியிருந்தது,
வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.
ஐந்து தையல், பத்து நாள் ஓய்வு.

ஆறாம் நாள் அழைப்புமணி.
ஏபி அம்மா, கையில் தும்புத்தடி இல்லை.
"மேலே சத்தமே இல்லையே" என்றார்.
என் தோளுக்கு மேலால்
எட்டிப் பார்த்தார்.