மரத்தின் மேல் மூன்று தீ

லியூ தன் டயர் கடைக்குப் பெயர்ப்பலகை கேட்டு வந்தார்.
மலாய் மேலே, சீனம் நடுவே,
தமிழும் ஓரமாய்ப் போடு,
செம்பனை லாரி ஓட்டுவதெல்லாம் உங்கள் ஆட்கள்தானே.

பெயரின் கடைசி எழுத்தைத் தட்டினால்
திரையில் வெறும் கட்டம்.
எழுத்துரு மாற்றினேன்: கட்டம்.
இன்னொன்று: கட்டம்,
பஹாவ் எல்லையில் விலைக்குப் போட்டு
யாரும் வாங்காத மனைபோல.

உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டினார்.
உச்சியில் ஒரு தீ, அதன்கீழ் இரண்டு தீ,
அவற்றைச் சுமந்துகொண்டு ஒரு மரம்.
பதினாறு கோடு.
கிரீஸ் படிந்த கையில் பாதிதான் தெரிந்தது.

எப்படிச் சொல்வது?
சன், என்றார்.
ஷென், என்று திருத்தினாள் மகள் பூய் யான்,
சீனப் பள்ளி ஆசிரியை.
அடையாள அட்டையிலோ சாம்.
வங்கியிலிருந்து மிஸ்டர் சாம் என்று அழைத்தால்
மோசடிக்காரன் என்று அலைபேசியை வைத்துவிடுவாராம்.

பிறந்தபோதே சோதிடன் சொல்லிவிட்டான்:
இந்தப் பிள்ளைக்குத் தீயும் போதாது, மரமும் போதாது.
அப்பா ஒரே எழுத்தில் இரண்டையும் வாங்கிவந்தார்.
சிக்கனக்காரர்.

முதல் வரைவில் மரத்தை மேலே வைத்தேன்,
தீயை அடியில்.
அடுப்பு மூட்டிய பழக்கம்.
பூய் யான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.
மரத்துக்கு அடியில் தீ வைத்தால் அது வேறு சொல்,
எரிப்பது.
தலையில் தீ என்றால்
செழிப்பது.

லியூ தரையைப் பார்த்தார்.
போன வருஷம் அவர் பழைய கடை எரிந்ததை
ஊரே பார்த்தது.
அடுக்கிய டயர்கள் இரண்டு நாள் அணையவில்லை.
பெயரில் சூடு அதிகம்,
ஒரு தீயையாவது எடுத்துவிடு என்றார்களாம் கோயிலில்.
கோட்டுக்குக் கோடு காசு வாங்கிக்கொள், என்றார் என்னிடம்,
ஒன்றும் குறைக்காதே.

எங்கள் எழுத்தின் தலையில்
ஒரே ஒரு புள்ளி விழுந்தால் போதும்,
உயிர் போய் மெய் மட்டும் மிஞ்சும்.
இவர் தலையில் மூன்று தீயோடு
அறுபத்தெட்டு வயதுவரை வந்துவிட்டார்.

கணினியை மூடிவிட்டுக் கையால் வெட்டினேன்,
சிவப்பு அக்ரிலிக்கில், இரவு இரண்டு மணிவரை.
நடுத்தீயின் வால் ஒருமுறை முறிந்தது.
மறுபடியும் வெட்டினேன்.

ஏணியிலிருந்து இறங்கியதும்
ரசீதில் என் பெயரைப் படித்தார் லியூ.
போலிலன்.
பதிவு அலுவலகம் எனக்குத் தந்தது அது.
எப்படிச் சொல்வது? என்றார்.
பொழிலன்.
பொயிலன். பொரிலன். பொ...
நாக்கை மடக்கி, தோற்று, துப்பிவிட்டு
அர்த்தம் கேட்டார்.

மரங்கள். நிறைய. ஒன்றாய் நிற்பவை.

தீ?

இல்லை.

அண்ணாந்து பலகையைப் பார்த்தார்,
பிறகு என்னை.
அப்படியே இருக்கட்டும், என்றார்.
மீதி நாற்பது வெள்ளியை
இருவருமே மறந்துபோனோம்.