ஷெகா

நான் ஒலொமோட்ஸில் இறங்கிய பிப்ரவரியில்
எல்லோருக்கும் வாய் இருந்தது.
டிராமில் ஒருவன் கொட்டாவி விட்டான்,
பெட்டி முழுக்க அது தொற்றியது,
யாரும் பயப்படவில்லை.

முதல் செக் வகுப்பில் ஆசிரியை
பலகையில் ஓர் எழுத்தைப் போட்டு
அதன் தலையில் சின்னக் கொக்கி மாட்டினார்.
ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் பிறக்க வேண்டும்,
என் நாக்கைப் பாருங்கள் என்றார்.
இரண்டாம் வகுப்புக்குள் கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

குளியல் தொட்டி வடிவதுபோல வடிந்தது விடுதி:
முதலில் மெதுவாக,
கடைசியில் பெரும் சத்தத்தோடு.
பக்கத்து அறை இட்சியார் தன் அரிசியைக் கொடுத்தாள்,
பாதி தீர்ந்த ஷாம்பூவை,
பெயர் தெரியாத ஒரு தொட்டிச் செடியை.
"ஏப்ரலில் வந்துவிடுவேன், தண்ணீர் ஊற்று."
பத்தூமிக்குப் போகும் விமானம் மூன்று முறை ரத்தானது.
கை கழுவுங்கள் என்று
பல்கலைக்கழகம் தினமும் எழுதியது.
எங்களைக் கை கழுவிவிட்டதாகவே அதை வாசித்தோம்.

பிறகு, ஒரே அடுப்பில் சமைத்த துருக்கிக்காரனுக்குக் காய்ச்சல்.
என் கதவில் ஒரு தாள்: பதினான்கு நாள்.

ராட்கா அதுவரை ஒரு படிவத்தில் இருந்த பெயர்,
வெளிநாட்டு மாணவருக்கு உதவ முன்வந்தவர் என்ற கட்டத்தில்.
மாலையில் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்,
செர்ரி அச்சிட்ட திரைச்சீலையில் தைத்த முகக்கவசத்தோடு.
மரக்கிளையில் அவற்றைத் தொங்கவிட்டு
வேண்டியவர் எடுத்துக்கொள்க என்று எழுதிவைத்த ஊர் அது.
எனக்கும் ஒன்று பறித்து வந்திருந்தாள்.

கிழித்த போர்வையில் கயிறு திரித்து
வாளியை இறக்கினேன்.
ரொட்டி, வெண்ணெய்,
கடைகளில் கிடைக்காத ஈஸ்ட் ஒரு பொட்டலம்.
வாளி மேலேறும் நேரத்துக்கு ஒரு சொல்:
அவள் கத்துவாள், நான் திருப்பிக் கத்துவேன்.

"ஷெகா!" என்றாள், மொராவா பக்கம் கை நீட்டி.
ஆறு.
"மோஷெ!"
கடல். கருங்கடல் ஓரம் பிறந்தவள் நான்,
அதை மட்டும் இரண்டு முறை கத்தினேன்.
"ச்திஷி!"
நான்கு. நான்கு நாள்தான் பாக்கி.
எதிர்மாடியில் சிகரெட் பிடிப்பவர் சிரித்தார்,
என் கத்தலைக் கேட்டுத்தான் என்று நினைத்தேன்.

இரவில் அவளுக்கு ஒரு வாய் வரைவேன்:
மெல்லிய உதடு, வரிசைப் பல்.
மூக்குக்குக் கீழே உள்ளதை
எல்லோருக்கும் நாமே வைத்துக்கொண்ட வசந்தம்.

இட்சியாரின் செடி ஏப்ரலில் பூத்தது.
அப்பாவுக்கு, என்று தொடங்கிய செய்தியை
அவள் முடிக்கவேயில்லை.
பூவைப் படமெடுத்தேன்.
அனுப்பவில்லை.

ஜூனில் வாய்மொழித் தேர்வு, திரையில்.
உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்.
மோஷெ என்றேன், ஷெகா என்றேன்.
தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"இலக்கணம் சுத்தம். ஆனால் அந்த எழுத்து...
எங்கள் குழந்தைகள் சிலர் இப்படிச் சொல்வார்கள்,
பயிற்சிக்கு அனுப்பித் திருத்துவோம்.
யாரிடம் கற்றீர்கள்?"

அன்று மாலை ஆற்றங்கரையில்
ராட்காவுக்கு வாய் இருந்தது.
நான் வரைந்தது எதுவும் அதில் இல்லை.
முன்பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி,
சிரிப்பு இடப்பக்கம் சற்று முந்தி.
யாரோ என்று ஒதுங்கி வழிவிட்டேன்.
"எனக்கு அந்த எழுத்து வராது," என்றாள்,
"எட்டு வயதுவரை கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள்.
உனக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்."
எனக்கு வாளி மட்டும்தான் கேட்டது, என்றேன்,
சுவரில் இடித்து இடித்து வரும் வாளி.

விமான நிலையத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
முகக்கவசத்தை இறக்கச் சொன்னார் அதிகாரி.
புகைப்படத்தையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.
எத்தனை மாதம் தங்கினீர்கள்?

ஐந்து.
அதற்கான சொல்லும் எனக்குத் தெரியும்.
ச்திஷி, என்றேன்.