ஆளுக்கு ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

சஹம் ஊரில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்,
ஹமூதுக்கு அப்பா விட்டுப்போன மனை.
தோண்டினால் உப்பு;
அஸ்திவாரத்துக்கே தனி சிமென்ட் கேட்கும் மண்.
"பதினாலு ஸ்டுடியோ போடு" என்றார்.
போட்டேன்.
ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஏசி,
பதினாலு தடவை காப்பி, பேஸ்ட்.
மத்தியானத்துக்குள் முடிந்தது.

தொண்ணூறு ரியால் வீதம்
மாதம் ஆயிரத்து இருநூற்று அறுபது.
கணக்கில் பிழை இல்லை.

பிழை சாயங்காலம்
ஐஸ் வண்டியில் வந்து இறங்கியது.
ஓட்டுகிற முராத் பக்‌ஷ், மனைவி, மச்சினி,
ஏழு பிள்ளைகள், ஒரு வெள்ளாடு.
"வீடு எப்போது முடியும்?"
குழிகூட வெட்டவில்லை என்றேன்.
மூத்தவள் சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடந்து
இது சமையலறையா என்று கேட்டாள்.
அது யாருடைய சமையலறையும் இல்லை,
ஒரு குளியலறைச் சுவரின் பாதி.

இரு கையையும் விரித்தாள்:
எங்கள் சட்டி இவ்வளவு,
இப்போதிருக்கும் வீட்டு வாசலில் நுழையாது,
வெளியே வைத்துத்தான் சமைக்கிறோம்,
உப்பு நாங்கள் போடுகிறோம், மணலைக் காற்று போடுகிறது.
நாலு பிள்ளை என்று சொல்லித்தான் அந்த வீடும் கிடைத்ததாம்.
வாடகைக்கு ஆள் வரும்போதெல்லாம்
மீதி மூன்றும் கடைக்குப் போய்விடும்.

அன்றிரவு ஆறு வீடாக மாற்றிப் பார்த்தேன்.
நூற்றைம்பது வீதம் தொள்ளாயிரம்.
குறைவது முந்நூற்று அறுபது.
ஏழு பேர் வரிசையாய்ப் படுக்க எத்தனை அகலம்?
கையேட்டில் கட்டிலுக்கு அளவு உண்டு,
பாய்க்கு இல்லை.
டேப்பை எடுத்தேன்.
எங்கள் அறையில் ஒன்பது பேர்;
எழுப்பாமல் அளந்தேன்.
செய்யது மீரான் அறுபத்திரண்டு.
புரண்டு புரண்டு படுக்கும் அருமைநாயகம் எழுபது.
நைட் ஷிஃப்ட் போன கலியமூர்த்தியின் இடம்
அதற்குள் நாற்பதாகச் சுருங்கியிருந்தது.
என்னை நானே படுத்து அளந்தேன்.
சராசரி ஐம்பத்தெட்டு.

"முந்நூற்று அறுபதை யார் தருவது?"
ஹமூது கேட்டார்.
ஸ்டுடியோக்காரன் ஆறு மாதத்தில்
சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவான்,
ஏசி ரிமோட்டைக் கொண்டுபோவான்.
ஏழு பிள்ளைகளுக்கும் டி.சி. வாங்கி
இன்னொரு ஊரில் சேர்த்தவனை நீங்கள் பார்த்ததுண்டா?
பார்த்ததில்லை அவர்.
காவாவை மூன்று மிடறில் குடித்தார்.
"இருநூறு."
நூற்றைம்பது.
"நூற்றறுபது. ஆடு கிடையாது."

முனிசிபாலிட்டியில் குமாஸ்தா பேனாவால் தட்டினான்:
இந்த அறையில் கட்டில் வரையவில்லையே, எதற்கு இது?
தூங்க.
எத்தனை பேர்?
அளவு போட்டிருக்கிறேன் என்றேன்.
வகுத்துப் பார்த்தான்.
என்னை ஒருமுறை பார்த்தான்.
சீல் வைத்தான்.

இப்போது இரண்டாம் தளம் ஏறுகிறது.
முன்னால் போர்டு வந்துவிட்டது,
எழுத்தின் உயரம் நான் கொடுத்ததுதான்:
குடும்பங்களுக்கு மட்டும்.
எங்கள் ஒன்பது பேரில்
எட்டுப் பேருக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது பிள்ளைகள்.
அது அந்த போர்டின் அரபியிலும் குடும்பம் இல்லை,
ஆங்கிலத்திலும் இல்லை.

ஆறு சமையலறைக் கதவையும்
ஒரு மீட்டர் இருபது ஆக்கியிருக்கிறேன்.
ஹமூதிடம் இன்னும் சொல்லவில்லை.
கேட்டால், சட்டி என்பேன்.